சேர்க்காமல் விட்ட புடவை

என் மகனே,

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் நின்ற இடத்திலேயே பிரித்துப் படி. கடையில் ஆள் நின்றால் நிற்கட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நடப்பதாக இருக்கிற உன் நிக்காஹ் நடக்கக் கூடாது. சபியா உனக்குத் தங்கை. நீ மூன்று மாதப் பிள்ளையாக இருந்தபோது அவளுடைய உம்மா மரியம்பீயிடம் பதினெட்டு நாள் பால் குடித்தாய். ஒரு வேளை, இரண்டு வேளை அல்ல. அந்தப் பதினெட்டு நாளும் உன் வயிற்றுக்குள் போனது அவள் பால் ஒன்றுதான். பால் கொடுத்தவள் உம்மா. அவள் பெற்ற பிள்ளைகள், உனக்கு முன்னே பிறந்தாலும் பின்னே பிறந்தாலும், உன் கூடப்பிறந்தவர்கள். இந்த மார்க்கச் சட்டம் உனக்குத் தெரியும். நீ அந்தப் பாலைக் குடித்ததுதான் உனக்குத் தெரியாது. தெரியாமல் மறைத்தவன் நான்.

நீ இதை நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். போன மாதம்தான் "வாப்பா கடைசி மூச்சில் இருக்கிறார்" என்று உனக்குத் தந்தி அடிக்க வைத்தேன். நீ பண்டாரவளையில் கிடைத்த வண்டியில் ஏறி, மழையில் நனைந்து, ஒற்றைச் செருப்பைத் தெமோதரையில் தொலைத்துவிட்டு ஓடி வந்தாய். வந்து பார்த்தால் கடைசி மூச்சுக்காரன் கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சீத்தைத் துணி வெட்டிக்கொண்டிருந்தான். நீ என் கையிலிருந்த கத்தரிக்கோலைத்தான் பார்த்தாய், என் முகத்தைப் பார்க்கவில்லை. தோட்டக் கூலிகளின் லயத்தில் பிறந்த பெண்ணைப் பதுளைக் கடைவீதியில் ஐம்பது வருஷம் பெயர் சொன்ன வீட்டுக்குக் கொண்டுவராதே என்று நான் பேசத் தொடங்கினேன். நீ ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாய். "ஒங்கட வாயால வாற ஒண்டையும் இனி நான் நம்பமாட்டன் வாப்பா." ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாய். ஆகவே இப்போது "நிக்காஹை நிறுத்து" என்று நான் ஒரு தந்தி அடித்தால் நீ என்ன செய்வாய்? வெள்ளிக்கிழமை நிக்காஹை வியாழக்கிழமைக்கு மாற்றுவாய். அதனால்தான் தந்தி அடிக்காமல் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அன்று பொய்யாகச் சொன்ன வியாதி நீ போன ஒரு வாரத்தில் உண்மையாகவே வந்து சேர்ந்தது. காலில் இருந்த சின்னப் புண் கறுத்து முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது. டொக்டர் காலை எடுக்க வேண்டும் என்கிறார். படுக்கையில் கிடக்கும்போது மனசு கொஞ்சம் இளகியது. சரி, பெண் நல்லவளாக இருந்தால் போதும் என்று உனக்குச் சம்மதம் எழுதினேன். வண்டிக்கார அசனாரிடம் சிவப்புப் பட்டில் கூறைப்புடவையும் கொடுத்து அனுப்பினேன். அதை அனுப்பிவிட்டு நான் பட்ட பெருமையைச் சொன்னால் நீ சிரிப்பாய். லயத்துப் பெண்ணுக்குக்கூட இடம் கொடுத்துவிட்டேனே, என் மனசு எவ்வளவு பெரியது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். குதிரைக்காரர் மகள் என்று நீ முதல் கடிதத்தில் எழுதியிருந்ததைப் படித்தபோதே நெஞ்சில் ஏதோ இடித்ததுதான். ஊவாவில் எத்தனை தோட்டம், எத்தனை குதிரைக்காரர் என்று அதைத் தட்டிக் கழித்துவிட்டேன். எந்தத் தோட்டம் என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இன்று காலை உன் இரண்டாவது கடிதம் வந்தது. அதில் ஏழு இடத்தில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் சபியாவின் உம்மாவைப் பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறாய். பூனாகலையில் இருந்தவளாம். மீரியபெத்தப் பக்கம் மண் சரிந்து பாதை மூடிய வருஷம் யாரோ ஒரு துணி வியாபாரியின் பிள்ளைக்குப் பால் கொடுத்தாளாம். மறு வருஷம் அவளுடைய சொந்த மகன் காய்ச்சலில் போய்விட்டானாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்த வியாபாரியின் பிள்ளை வருவான் என்று வாசலில் நின்று பார்ப்பாளாம், மௌத்தாகும் வரைக்கும். வாப்பாவும் போன பிறகு சபியாவைப் பண்டாரவளையில் உம்மாவின் தங்கையான சாச்சிதான் வளர்த்தாளாம். அப்படிப்பட்ட மனுசியின் மகளைக் கட்டப்போகிறேன் வாப்பா, எனக்கு எவ்வளவு பாக்கியம் என்று முடித்திருக்கிறாய். நான் அந்தக் கடிதத்தை மார்பில் வைத்துக்கொண்டு கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் கால் வலியில் கத்துகிறேன் என்று ஓடி வந்தார்கள். உடனே வண்டி கட்டச் சொல்லி என்னைத் தூக்கி ஏற்றச் சொன்னேன். ஊரைத் தாண்டி முதல் வளைவில் நினைவு தப்பிவிட்டதாம். கண் விழித்தபோது மறுபடியும் இதே கட்டிலில் கிடக்கிறேன்.

முதலில் இதை அரபுத்தமிழில் எழுதத் தொடங்கினேன். அரபு எழுத்தில் எழுதினால் அசனாரும் படிக்கமாட்டார், வழியில் வேறு யாரும் படிக்கமாட்டார்கள் என்ற எண்ணம். பாதிப் பக்கம் எழுதிய பிறகுதான் உறைத்தது, இந்த மறைக்கிற புத்திதானே நம்மை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று. கிழித்துப் போட்டேன். இப்போது எல்லோரும் படிக்கிற தமிழில் எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். படிக்க வேண்டும் என்றுதான் இப்போது ஆசைப்படுகிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நடந்ததைக் கேள். உன் உம்மாவை வெல்லவாயப் பக்கம் அவள் வீட்டில் பிரசவத்துக்கு விட்டிருந்தேன். நாற்பதும் கழிந்து உனக்கு மூன்று மாதம் ஆனதும் பதுளைக்குக் கூட்டிவர மாட்டுவண்டியில் புறப்பட்டோம். ஐப்பசி மழை. கொஸ்லந்தை ஏறும்போதே உன் உம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது. பூனாகலைக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு உன்னையும் தெரியவில்லை, என்னையும் தெரியவில்லை. பின்னால் மண் சரிந்துவிட்டது, முன்னால் ஓடை பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. கோப்பிச் செடியெல்லாம் செத்துத் தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. தோட்டமே பாதி மொட்டையாக இருந்தது, ஒதுங்க ஒரு கடைகூட இல்லை. துரையின் குதிரையைப் பார்த்துக்கொள்கிற இராவுத்தர் ஒருவர், திருச்சிப் பக்கத்து ஆள், எங்கள் தொப்பியைப் பார்த்து ஓடி வந்து தன் லயத்துக் காம்பராவைக் காலி செய்து கொடுத்தார். ஒற்றை அறை, பக்கத்தில் குதிரை கட்டுகிற கொட்டில். உன் உம்மாவின் மார்பில் பால் வற்றிவிட்டது. ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து உன் வாயில் வைத்தேன், வாந்தி எடுத்தாய். இரண்டாம் நாள் மத்தியானம் உன் அழுகை பூனைக்குட்டிச் சத்தம்போல் மெலிந்துவிட்டது. நான் உன்னைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அப்போது கொழுந்துக் கூடையோடு இராவுத்தர் மனைவி வந்தாள். அவளிடமும் ஐந்து மாதப் பிள்ளை ஒன்று இருந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "குடுங்க புள்ளைய. பசில கத்துது, பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே" என்றாள்.

நான் தயங்கினேன். பிள்ளை சாகக் கிடக்கும்போதும் தயங்கினேன், எழுதவே கூசுகிறது. லயத்தில் இருக்கிற மனுசி, கையெல்லாம் கொழுந்துக் கறை, நம் வீட்டுப் பிள்ளையை எப்படிக் கொடுப்பது என்று ஒரு கணம் நின்றேன். அவள் அதைக் கவனித்தாளோ இல்லையோ, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி உன்னை வாங்கிக்கொண்டாள். உள்ளே போகுமுன் திரும்பி, "அல்லாவுக்காகக் குடுக்குறேன்னு நிய்யத்து வச்சிட்டேங்க. இனி இவனும் என் புள்ளதான்" என்றாள். விடியற்காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகுமுன் உனக்குப் பால் கொடுப்பாள். பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்கி ஓடி வருவாள், கங்காணியின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு. மத்தியானம் ஒரு தரம், அந்திக்கு ஒரு தரம். முதலில் உனக்கு, பிறகுதான் தன் பிள்ளைக்கு. பதினெட்டு நாளில் உன் கன்னம் பூசினாற்போல் ஆகிவிட்டது.

இந்த மனுசியிடம் நான் என்ன செய்தேன் தெரியுமா? பொய்ப்பெயர் சொன்னேன். இராவுத்தர் என் பெயரைக் கேட்டபோது காதர் என்றேன், ஊர் வெலிமடை என்றேன். என் பிள்ளை லயத்தில் பால் குடித்தது பதுளைக்குத் தெரியக் கூடாது என்பதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. உன் பெயரைக் கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன், சுல்தான் என்று. பதினெட்டு நாளும் அவள் உன்னைச் சுல்தான் சுல்தான் என்றுதான் கொஞ்சினாள். உன் உம்மாவுக்கு நினைவு தெளிந்து நாங்கள் புறப்படும் நாளில் அவள் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "பெரியவனானதும் ஒரு தரம் கூட்டியாங்க. வாசல்ல நின்னு சுல்தான் வந்துட்டான்னு ஒரு கொரல் குடுங்க, அது போதும்." வண்டி நகரும்போது திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தேன். அங்கேயே மனசில் எண்ணி நிய்யத்து வைத்தேன், ஒவ்வொரு பெருநாளுக்கும் புதுத்துணி வந்ததும் முதல் வெட்டு மரியம்பீக்கு என்று.

அடுத்த பெருநாள் வந்தது. முதல் வெட்டாகப் பச்சைக் கரை போட்ட புடவை ஒன்றை வெட்டி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். பூனாகலைக்கு யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பலரும் போனார்கள். யாரிடம் கொடுத்தாலும் "யாருக்கு, எதற்கு" என்று கேட்பார்களே என்று கொடுக்கவில்லை. முஹர்ரம் பிறந்ததும் அந்தப் புடவையை எடுத்து விற்றுவிட்டேன். அடுத்த வருஷமும் வெட்டினேன், வைத்தேன், விற்றேன். இப்படிச் செய்துகொண்டே ஒவ்வொரு வருஷமும் எனக்குள் ஒரு திருப்தியும் இருந்தது பார், அதுதான் வேடிக்கை. நிய்யத்து வைத்திருக்கிறோமே, அல்லாஹ்வுக்குத் தெரியுமே என்று. நன்றியை மேல் தட்டில் மடித்து வைத்தால் அது பூச்சிக்குத்தான் இரை என்பது ஒரு துணி வியாபாரிக்குத் தெரியாமல் போயிற்று.

உன் உம்மா விடவில்லை. அவள் ஒவ்வொரு பெருநாளும் கேட்பாள். "அந்த மனுசிக்குப் புடவை சேந்திச்சா?" நான் சேர்ந்தது என்பேன். என்ன சொன்னாள் என்று கேட்பாள். சந்தோஷப்பட்டாள், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள் என்று கூசாமல் கதை கட்டுவேன். நாமே ஒரு தரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவோம் என்பாள். பாதை சரியில்லை, கடையை யார் பார்ப்பது, பிள்ளை பெரியவனாகட்டும், அவனிடமும் அப்போது சொல்வோம் என்று நாள் கடத்துவேன். உனக்கு ஒன்பது வயதில் அவள் மௌத்தானது உனக்கு நினைவிருக்கும். அன்று காலை உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து உன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். உன்னை வெளியே தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டது இதுதான். "அவவுக்கு வருசா வருசம் சேந்திச்சுதானே?" சேர்ந்தது என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றாள். இந்த உலகத்தில் அவள் கடைசியாகச் செய்த நன்றி, என் பொய்க்குச் சொன்ன நன்றி. இதை இதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு காரியம் நடந்தது. அவள் போன துக்கத்தில் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு பெருநாளுக்கு நானே புடவையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். தனியாகப் போகாமல் பதுளைக் கடைக்காரர் ஒருவரோடு வண்டியில் போனது என் புத்தி. பண்டாரவளையில் இறங்கி நிற்கும்போது எதிரே இராவுத்தர் துரையின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நரைத்துவிட்டார், ஆனாலும் அவரேதான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து சலாம் சொல்லிக்கொண்டு கிட்டே வந்தார், குதிரையையும் இழுத்துக்கொண்டு. கூட நின்ற கடைக்காரர் என்னைப் பார்த்தார், குதிரைச் சாணி ஒட்டிய அவர் காலைப் பார்த்தார். நான், "யார் நீங்க? ஆள் மாறிப் பேசுறீங்க" என்றேன். இராவுத்தர் குதிரையை ஒதுக்கிப் பிடித்தார். பிறகு கையைக் கூப்பி, "மன்னிச்சிருங்க மொதலாளி. எங்க சுல்தானோட வாப்பா மாதிரி இருந்துச்சு" என்றார். நான் அந்தப் புடவையோடு திரும்பி வந்தேன். அவர் வீட்டுக்குப் போய் மரியம்பீயிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். சொல்லியிருக்கமாட்டார். சொல்லியிருந்தால் அவள் பிறகும் வாசலில் நின்று பார்த்திருப்பாளா?

உனக்கு எட்டு வயதில் ஒரு நோன்பு. நினைவிருக்கிறதா பார். முந்தின ராத்திரி நிய்யத்துச் சொல்ல மறந்து தூங்கிவிட்டாய். லுஹர் நேரத்தில் அது ஞாபகம் வந்து கடைக்கு ஓடி வந்து அழுதாய். நான் ஆட்களுக்கு முன்னால் பெரிய ஆலிம்போல் உட்கார்ந்துகொண்டு, நிய்யத்து இல்லாமல் இருந்தால் அது நோன்பு இல்லை, வெறும் பட்டினி, எந்தக் காரியத்துக்கும் காலையில் எழுந்ததும் மனசில் எண்ணம் வைத்துக்கொள்ள வேண்டும், கடை திறப்பதற்கும் வைக்க வேண்டும், முழம் போடுவதற்கும் வைக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தேன். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "வாப்பா, நிய்யத்து மட்டும் வெச்சிட்டு நோன்பு புடிக்காட்டி அதுக்கு என்ன பேர்?" என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து உன் கையில் ஒரு பேரீச்சம்பழத்தைக் கொடுத்து, நோன்பு திறக்கும்போது தின்னு என்று அனுப்பினேன். அப்போது என் தலைக்கு மேலே அலமாரியில் அந்த வருஷத்துப் புடவை மடித்தபடி இருந்தது. உன் கேள்விக்கு இன்று பதில் சொல்கிறேன் மகனே. அதற்குப் பெயர் உன் வாப்பா.

நான் ஒரே ஒரு வருஷம் அந்தப் புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். நீ அவளை உம்மா என்று கூப்பிட்டிருப்பாய். சபியா பிறந்தபோது தொட்டில் துணி நம் கடையிலிருந்து போயிருக்கும். அவள் கண்முன் நீ வளர்ந்திருப்பாய், நானா நானா என்று அண்ணன் பின்னால் சுற்றியிருப்பாள். பண்டாரவளையில் அவளுடைய சாச்சி வீட்டுக் கதவுக்குப் பின்னால் அவள் குரலைக் கேட்டு உன் மனசு இப்படிப் போயிருக்காது. நன்றி சொல்வது மரியாதை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன், முடிந்தால் செய்யலாம், விட்டால் குற்றமில்லை என்று. அப்படி இல்லை. நமக்கு யார் யார் என்று காட்டித் தருவதே அதுதான். நான் சொல்லாமல் விட்டேன், உனக்கு உன் தங்கை யாரென்று தெரியாமல் போயிற்று. நீ அவளை நேசித்தது பாவமில்லை. உன் பங்கில் இதில் ஒரு குற்றமும் இல்லை. ராத்திரி பகலாக இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்.

இப்போது நான் சொல்வது பொய்யா மெய்யா என்று நீயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உன் இரண்டு கடிதத்தையும் பத்துத் தரம் படித்துவிட்டேன். சபியாவின் உம்மா அந்தப் பிள்ளையை என்ன பெயர் சொல்லி அழைத்தாள் என்று நீ எங்கேயும் எழுதவில்லை. உனக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. சபியாவின் சாச்சி வீட்டுக்குப் போ. இந்தக் கடிதத்தைக் காட்டுமுன், ஒன்றும் சொல்லுமுன், அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று கேள். அவள் சுல்தான் என்று சொன்னால் உன் வாப்பா இந்த ஒரு தரம் உண்மை சொல்லியிருக்கிறான். அந்தப் பெயர் நான் இட்டுக்கட்டியது. அது என் வாயில் பிறந்த பொய் என்று தெரிந்தவர்கள் உன் உம்மாவும் நானும் மட்டும், அவளும் போய்விட்டாள். நான் சொன்ன பொய்தான் இன்று எனக்குச் சாட்சி. வேறு சாட்சி வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு நீ செய்ய வேண்டியது கஷ்டமானது. நாள் குறித்த நிக்காஹ் நின்றால் ஊர் பெண்ணைத்தான் பேசும். இலேசாக ஏதாவது காரணம் சொல்லி அவளை அந்தப் பேச்சுக்கு விட்டுவிடாதே. அதனால்தான் எல்லோரும் படிக்கிற எழுத்தில் எழுதினேன். இந்தக் கடிதத்தைப் பள்ளிவாசல் லெப்பையிடம் கொடு. வெள்ளிக்கிழமை, நிக்காஹ் நடக்க இருந்த அதே நேரத்தில், அதே ஜமாஅத்துக்கு முன்னால் என் பெயரைச் சொல்லி இதை வாசிக்கச் சொல். பதுளையில் இன்ன கடைக்காரன், லயத்துப் பால் குடித்த தன் பிள்ளையை ஒளித்தான், பால் கொடுத்தவளை அறியேன் என்றான் என்று எல்லோரும் கேட்கட்டும். பண்டாரவளையில் மத்தியானம் வாசித்தால் பதுளைக்கு மறுநாளே வந்துவிடும், எனக்குத் தெரியும். வரட்டும். ஐம்பது வருஷம் நான் காப்பாற்றிய பெயர் அந்தப் பெண்ணின் ஒரு நாள் மானத்துக்கு ஈடில்லை.

கூறைப்புடவையைத் திருப்பி அனுப்பிவிடாதே. அதை நான் மருமகளுக்கு என்று எண்ணி அனுப்பினேன். இதோ, இந்தக் கட்டிலில் கிடந்தபடியே அந்த நிய்யத்தை மாற்றிக்கொள்கிறேன். அது மரியம்பீக்குச் சேர வேண்டிய புடவை, இருபத்துநாலு வருஷம் பிந்திப் போகிறது. அவள் இல்லாததால் அவள் மகள் கட்டிக்கொள்ளட்டும். துணி அதே துணிதான், இழைகூட மாறவில்லை. கொடுக்கிறவன் மனசில் என்ன இருக்கிறது என்பதில்தான் அது கூறையா, சீரா என்பது இருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய காலத்தில் சொல்லிக் கொடுக்காமல் உன் தலையில் இடி விழும் நேரத்தில் சொல்கிறேன். நீ என்னை மன்னிக்கத் தேவையில்லை. கால் போகிறது, ஆளும் போகலாம், அதற்காகவும் நீ ஓடி வர வேண்டாம். வெள்ளிக்கிழமை நீ இருக்க வேண்டிய இடம் அங்கேதான்.

அசனார் மாட்டைப் பூட்டிவிட்டு வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். இன்று புதன். அஸருக்குப் புறப்பட்டால் நாளைப் பிற்பகலுக்குள் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். மழை பெய்யாமல் இருக்க வேண்டும், பாதை சரியாமல் இருக்க வேண்டும், மாடு நொண்டாமல் இருக்க வேண்டும். ஒரு காலத்தில் மழையும் மண்சரிவும்தான் உன்னை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. இன்று அவை விலகி நிற்க வேண்டும் என்று கையேந்திக் கேட்கிறேன்.

சாச்சி உன்னிடம் அந்தப் பெயரைச் சொல்வாள் மகனே, எனக்குச் சந்தேகமே இல்லை. சொன்னதும் நீ வெளியே வந்து அந்த வீட்டு வாசலில் நில். புடவை உன் கையில் இருக்கட்டும். இனி சபியா உன் முன்னால் முக்காடு இழுத்துக்கொள்ள வேண்டியதில்லை, கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. உனக்குப் பால் கொடுத்த உம்மா கேட்டதை, நான் செய்யாததை, நீ செய். உள்ளே கேட்கும்படி ஒரு குரல் கொடு.

"சுல்தான் வந்துட்டான்" என்று சொல்.

உன் வாப்பா